விட்டுப்போன புள்ளி

எல்லா வாசலிலும் கோலம் இருந்தது.

காரை விட்டு இறங்கியதும் அவள் பார்த்தது அதைத்தான். மனம் குளிர்ந்துவிட்டது.

போன முறை வந்தபோது இந்தத் தெரு துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. செங்கல்பட்டு தாண்டி, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே வந்தால், பொட்டல் நடுவில் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். குடியிருப்பின் நுழைவு வளைவில் இரண்டு சிமென்ட் யானைகள். ஒன்றுக்குத் தும்பிக்கை இல்லை.

யானைக்குத் தும்பிக்கை இல்லாவிட்டால் என்ன, விலை தரைக்கு வந்துவிட்டதே என்று கணவர் சிரித்தார். மார்க்கெட் படுத்துக் கிடக்கும்போது வாங்குகிறவன்தான் கெட்டிக்காரன் என்பது அவர் கட்சி.

அவள் சிரிக்கவில்லை. வாசலில் ஒரு கோலம்கூட இல்லாத தெருவில் எப்படிக் குடியிருப்பது என்று கேட்டாள்.

கேட்டது குணவதியிடம்.

பெரம்பூரில் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல். ஒரு வாரம் இவள் கோலம், ஒரு வாரம் அவள் கோலம். பிரசவமோ ஆஸ்பத்திரியோ, ஒருத்திக்கு ஒருத்திதான். குணவதியின் கணவன் இறந்த பிறகு, துபாயில் இருக்கும் மகன் இங்கே ஒரு வீட்டை வாங்கி, அம்மாவைக் குடிவைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

இவள் கோலத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனதிலிருந்து குணவதி போன் செய்துகொண்டே இருந்தாள். விலை விழுந்ததும் ஜனங்கள் வந்து குவிகிறார்களாம். தெருவே நிறைந்துவிட்டதாம். பக்கத்து வீடு ஒன்றுதான் பாக்கியாம்.

குணவதி சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

கணவர் கார் ஓரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பெரம்பூர் வீட்டைக் கேட்ட ஆளுக்கு இன்றே பதில் வேண்டுமாம். அவள் தலையாட்டினால் போதும், பெரம்பூர் போய்விடும். பிறகு திரும்பிப் போக ஓர் இடம் இல்லை.

குணவதி காபி போட உள்ளே போயிருந்தாள்.

அவள் தெருவில் நடந்தாள்.

கதவுகள் சாத்தியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் வெளியே போயிருப்பார்கள் என்று குணவதி முந்திக்கொண்டு சொல்லியிருந்தாள்.

முதல் வாசலில் சிக்குக் கோலம். அழகாகத்தான் இருந்தது. இடது கீழ் மூலையில் மட்டும் ஒரு புள்ளி இழைக்குள் அகப்படாமல் வெளியே நின்றது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. குணவதியைப் போலவே இன்னொருத்தி.

குணவதிக்கு அந்த மூலை என்றைக்கும் வராது. அவசரம். அவள் உள்ளே போன பிறகு இவள் வந்து, ஒரு சிட்டிகை மாவெடுத்து, அந்தப் புள்ளியைச் சுற்றி ஓர் இழை இழுத்து மூடிவிடுவாள். ஒரு நாளும் சொன்னதில்லை. குணவதி கவனித்ததுமில்லை.

அடுத்த வாசல். வேறு கோலம். அதே மூலை. அதே புள்ளி.

அதற்கடுத்ததும்.

சிரிப்பு நின்றுவிட்டது.

ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளே பிரிக்காத சிமென்ட் மூட்டைகள். சுவரில் குழாய் வைக்க விட்ட ஓட்டை.

அவள் விடவில்லை. தெருக்கோடி வரை போனாள். கடைசி வாசலில் புள்ளிகள் மட்டும் இருந்தன. இழை இழுக்கவில்லை. போட்டவளுக்குக் கார் வரும் சத்தம் கேட்டிருக்கும்.

பின்னாலேயே குணவதி டம்ளரோடு வந்து நின்றாள். அவள் புடவைக் கரையெல்லாம் கோலமாவு.

புரோக்கர் பொய் சொன்னால் அது அவன் பிழைப்பு. அவனுக்கு இவளைத் தெரியாது. குணவதிக்குத் தெரியும். எதைக் காட்டினால் இவள் விழுவாள் என்று தெரிந்து, விடியும் முன்னே எழுந்து, வாசல் வாசலாகக் குனிந்து போட்டிருக்கிறாள்.

இந்தத் தெருவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

காபி ஆறிவிடும் என்றாள் குணவதி.

இவள் கை நீட்டவில்லை.

குணவதி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரியானா இந்தத் தெருவுல என் வீட்டு வெளக்கு ஒண்ணுதான் எரியுது. ஒருத்தர் வந்தாத்தானே இன்னொருத்தர் வருவாங்க."

"அதுக்கு நான்தான் கெடச்சேனா, குணா?"

காபியின் மேல் ஆடை படிந்துவிட்டிருந்தது.

தெருமுனையிலிருந்து கணவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, என்ன சொல்லட்டும் என்று கேட்டார். ஆள் லைனில் இருக்கிறாராம்.

வீட்டை விற்கவில்லை என்று சொல்லிவிடச் சொன்னாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

காருக்குப் போகக் குணவதியின் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அந்த வாசலிலும் கோலம். படியில் மாவு டப்பா திறந்தபடியே இருந்தது.

இடது கீழ் மூலையில் ஒரு புள்ளி வெளியே நின்றது.

கால் நின்றுவிட்டது. பழக்கம் விடவில்லை. குனிந்து ஒரு சிட்டிகை மாவு எடுத்தாள்.

பின்னால் குணவதி நிற்கிறாள் என்று தெரிந்தது. முதல் தடவையாகக் குணவதி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவள் மாவைத் திரும்ப டப்பாவிலேயே போட்டாள்.

விரல்களைத் தட்டிக்கொண்டு போய்க் காரில் ஏறினாள்.