ஒரே ஒரு தகவல்

கோந்த்வா முதியோர் இல்லத்தின் அலுவலகத்தில் பானு வெப்ஹூக் என்னும் தகவல் இணைப்பை அமைத்துக்கொண்டிருந்தாள். இல்லத்தில் ஏதேனும் நிகழ்ந்தால், குடும்பத்தார் தந்த இணைய முகவரிக்குச் செயலி தானாகவே தகவல் அனுப்பிவிடும். எந்தெந்தத் தகவல் போகவேண்டும் என்பதை எதிரே அமர்ந்திருந்த சேஷகிரி சொல்லவேண்டும்.

“காய்ச்சல் வந்தா?”

“வேண்டாம்.”

“சாப்பிடலைன்னா?”

“அதுவும் வேண்டாம்.”

“பேசணும்னு கேட்டா?”

“வேண்டாம்மா. இறந்தா மட்டும் போகட்டும்.”

பானுவுக்குச் சுருக்கென்றது. “கரண்ட் பில்லே மாசாமாசம் வருது சார். பெத்தவரைப் பத்தி ஒரே ஒரு தடவை தெரிஞ்சா போதுமா?”

அவர் போதும் என்று தலையசைத்தார்.

“சரி, போய்ச் சேருதான்னு ஒரு டெஸ்ட் அனுப்பணும். மாதிரிக்கு என்ன பேர் போடட்டும்?”

“சேஷகிரின்னே போடுங்க.”

“அது உங்க பேராச்சே?”

“இங்க சேரப்போறவன் நான்தாம்மா. அந்த முகவரி என் மகனோடது. இதே ஊர்லதான், ஹிஞ்சவாடியில கம்ப்யூட்டர் வேலை. இது ஒண்ணு போதும்னு அவன்தான் சொன்னான்.”

பானுவின் விரல் நின்றது. “டெஸ்ட்டுன்னு அதுல வராது சார். நிஜம்னே நினைச்சுக்குவாரு.”

“நினைக்கட்டும். அனுப்புங்க.”

அனுப்பினாள். ‘பெறப்பட்டது’ என்ற தானியங்கிப் பதில் மறுகணமே திரையில் தோன்றியது. சேஷகிரி கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது, கைப்பேசி அடிக்கவில்லை.

“மீட்டிங்ல இருப்பாரு சார்,” என்றாள் பானு, அவர் முகத்தைப் பார்க்காமல்.

“இருக்கட்டும்,” என்று எழுந்தார் சேஷகிரி. “செத்தவனுக்கும் இங்க சாப்பாடு உண்டாம்மா?”