மாமனார் பட்ட விபத்து

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத மாப்பிள்ளை, தலையில் ஹெல்மெட்டை மட்டும் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வேலைக்குக் கிளம்பினார். மகள் வாங்கிக் கொடுத்த ஜாக்கெட்டும் கையுறையும் பூட்ஸும் நாற்காலியிலேயே கிடந்தன.

"இதையெல்லாம் யாரு போடுவா?" என்று மகள் கத்தினாள்.

"இந்த வெயில்ல வெந்து சாகவா? தலை தப்பினா தம்பிரான் புண்ணியம், விடு!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வண்டிச் சாவியைப் பிடுங்கினேன்.

"தலை மட்டும் தப்பி வீட்டுக்கு வந்தா, அதை வச்சு எம்பொண்ணு என்ன பண்ணுவா மாப்பிள்ளை?"

"சாவியைக் குடுங்க மாமா! வண்டியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்கா? லாரி இடிச்சு பெட்ரோல் பங்க் வாசல்ல விழுந்தவன், சறுக்கிக்கிட்டே போய் ரயில்வே கேட்டுலதான் நின்னேன்! ஜாக்கெட் தேஞ்சு தேஞ்சு காலர் மட்டும் கழுத்துல மிச்சம். உடம்புல ஒரு கீறல் இல்லே! அது இல்லேன்னா நான்தான் தேஞ்சிருப்பேன். உங்களுக்குப் பொண்ணு குடுக்க மாமனார் ஏது?"

சமையலறையில் என் மனைவிக்குத் திடீரென்று பலத்த இருமல் வந்தது. மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாப்பிள்ளை என்னை முறைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டே ஜாக்கெட்டை மாட்டி, கையுறையை இழுத்துவிட்டு, பூட்ஸுக்குள் காலைத் திணித்தார். சாவியைக் கொடுத்தேன். சொல்லிக்கொள்ளாமலே போனார். போகட்டும், கோபம் ஆறிவிடும்.

எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.