திரும்பி வந்த வேகம்

"நாளைக்குக் காலையில இந்தக் குதிரையை அறுத்துடப் போறேன்" என்றார் சாகின்பாய், கத்தியைக் கல்லில் தீட்டியபடி.

முந்தைய நாள் நூருஸ் புத்தாண்டு விழாவில், பெண்ணைத் துரத்தும் பந்தயத்தில் அவர் மகன் குபாத் தோற்றிருந்தான். கொடிக்கம்பம் வரை பெண் குதிரையில் முன்னே பறப்பாள். எட்டிப் பிடித்தால் ஆணுக்கு ஒரு முத்தம். பிடிக்காவிட்டால், திரும்பும் வழியில் அவள் துரத்துவாள், கையில் சாட்டையோடு. ஊரே பார்க்கக் குபாத்தின் முதுகில் ஏழு அடி விழுந்தது.

அடித்தவள் பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆசிரியை ஐஜமால். இப்போது நோட்டும் கையுமாக முற்றத்தில் வந்து நிற்பவளும் அவளே. குபாத், குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டு, வழக்கம்போல் வாய் திறவாமல் நின்றான்.

"ஐயா, தோத்ததுக்குக் குதிரை காரணமில்ல. என் மாணவங்க நேரம் குறிச்சிருக்காங்க. கொடி வரைக்கும் அறுநூறு மீட்டர். எனக்கு அறுபது நொடி. அப்போ நொடிக்குப் பத்து மீட்டர்."

"இவனுக்கு?"

"என்னை முதல்ல ஓட விட்டு, பதினஞ்சு நொடி கழிச்சுத்தான் இவரை விட்டாங்க. எனக்கு அஞ்சு நொடி பின்னால வந்து சேர்ந்துட்டார். ஓடினது அம்பதே நொடி. பன்னெண்டு மீட்டர். உங்க குதிரைக்குத்தான் வேகம் ஜாஸ்தி."

"ஜெயிச்சவங்களே தோத்தவனுக்கு வக்கீலா வந்திருக்கீங்க. சரி, திரும்பி வந்தப்போ?"

ஐஜமாலின் குரல் இறங்கியது. "எழுபத்தஞ்சு நொடி. எட்டு மீட்டர்."

"பன்னெண்டும் எட்டும் இருபது. அதுல பாதி பத்து." கத்தி நின்றது. "டீச்சர் குதிரைக்குச் சமமாத்தான் வருது. போனாப் போகுது, விட்டுடலாமா?"

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால், தவறான விடையைத் திருத்தாமல் கடந்துபோகும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"அப்படிப் பாதியாக்கக் கூடாதுங்க ஐயா. மொத்த தூரத்தை மொத்த நேரத்தால வகுக்கணும். ஆயிரத்து இருநூறு மீட்டர், நூத்தி இருபத்தஞ்சு நொடி. ஒன்பது புள்ளி ஆறுதான் வரும்."

"பத்துகூட இல்லையா?" கத்தி மறுபடி உரசத் தொடங்கியது. "போறப்ப பன்னெண்டு, வர்றப்ப எட்டு. இத்தனூண்டு தூரத்துக்கே மூச்சு வாங்குதுன்னா, தொத்திறைச்சிக்குத்தான் லாயக்கு."

"என் குதிரையும் வர்றப்ப எட்டுதாங்க."

"நீங்க எங்க ஓட்டினீங்க? உங்களுக்கு அடிக்கவே நேரம் சரியாப் போச்சு."

ஐஜமால் நோட்டை மூடினாள். காப்பாற்ற வந்த கணக்கே குதிரையைக் கவிழ்த்துவிட்டது.

"அதுக்கு மூச்சு வாங்கலப்பா."

குபாத் பேசியிருந்தான். நேற்றிலிருந்து அவன் உதிர்த்த முதல் வார்த்தை அது.

"பின்ன என்னடா?"

"வர்றப்ப கடிவாளத்தை இழுத்துப் பிடிச்சது நான்தான். பன்னெண்டுலயே வந்திருந்தா…" அவன் காதுகள் சிவந்தன. "டீச்சரோட சாட்டை என்மேல பட்டிருக்காது."

முற்றத்தில் குதிரை மட்டும் காலை மாற்றி வைத்தது.

"நான் மெதுவாத்தான் அடிச்சேன்" என்றாள் ஐஜமால், நோட்டின் அட்டையைப் பார்த்து.

சாகின்பாய் கனைத்துக்கொண்டார். "டேய், அதுக்குத் தண்ணி காட்டி எவ்வளவு நேரமாச்சு? ஆத்துக்கு ஓட்டிட்டுப் போ. டீச்சர், நீங்களும் கூடப் போங்க. இவன் வேகத்தை யாராவது குறிக்கணும்ல."

குதிரையை நடுவில் விட்டு இருவரும் வாசலைத் தாண்டினார்கள்.

உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி அனார்குல், கத்தியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "என்னங்க இது? இவ்வளவு நேரமும் மொண்ணைப் பக்கத்தையா தீட்டினீங்க?"

"பின்ன, உன் பிள்ளை வாயைத் திறக்க வைக்க வேற என்ன வழி? நேத்து அவன் ஆடி அசைஞ்சு வந்தப்பவே விஷயம் தெரிஞ்சுபோச்சு. முப்பது வருஷத்துக்கு முன்னால உன் சாட்டைக்கு முன்னாடி நானும் அந்த வேகத்துலதானே வந்தேன்."