இரவல் டம்ளர்

பெண் பார்க்க வரும் நாளில் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுப்பதைப் போல, தெருவே வரதராஜுலுவின் வீட்டுக்குச் சாமான் சுமந்தது. சோபா ஒரு வீட்டுடையது, டிவி இன்னொரு வீட்டுடையது. அவர் கட்டியிருந்த பட்டு வேட்டி மளிகைக்கடைக்காரருடையது.

ஒரு தெருவில் பணக்காரருக்கும் ஏழைக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ, அவ்வளவுதான் அரசு அந்தத் தெருவுக்குச் செலவழிக்கும் என்பது சட்டம். இந்தத் தெருவில் பணக்காரர் வரதராஜுலு ஒருவர்தான். அவருடைய பனியன் கம்பெனி நொடித்துப்போனது தெரிந்தால், தெருமுனை டயாலிசிஸ் மையத்தை மூடிவிடுவார்கள். அதே தெருவில் குடியிருந்த செங்கமலத்தின் கணவன் அந்நேரம் அங்கேதான் மெஷினில் படுத்திருந்தான்.

இடைவெளியைச் சோதிக்க வந்த அதிகாரி சோபாவில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சமையல்காரி வேஷத்தில் நின்ற செங்கமலம் காபி கொண்டுவந்தாள்.

"தொழில் எப்படிப் போகுதுங்க?"

"நல்லாப் போகுதுங்க." வரதராஜுலு வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

அதிகாரி டம்ளரைத் திருப்பினார். விளிம்புக்குக் கீழே பெயர் வெட்டியிருந்தது.

"செங்கமலம்னா யாருங்க?"

அது அவளுடைய கல்யாணச் சீர். அவசரத்தில் வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தாள்.

"நான்தானுங்க" என்றாள்.

அதிகாரி காபியை முழுவதும் குடித்துவிட்டு, டம்ளரை அவளிடம் நீட்டினார்.

"அடுத்த தடவை பீங்கான் கப்புல குடுங்கம்மா. எங்க தெருவுலயும் இப்படி இரவல் வாங்கி வச்சப்ப, தட்டுல இருந்த பேரைப் பாத்துத்தான் கண்டுபுடிச்சாங்க. அப்ப எங்கம்மா மெஷின்ல இருந்தாங்க."