பாலத்தடி நிச்சயம்

முப்பது வருடம் ஸ்கூட்டர் ஓட்டியும் ஒருமுறைகூட விழாதவர் தணிகாசலம். அவருடைய பழக்கங்களை அப்படியே கற்றுக்கொண்டு தானாக ஓடும் கார் வீட்டுக்கு வந்தபோது, மனைவி செண்பகத்துக்குப் பெரிய நிம்மதி. மகள் யாழினியின் நிச்சயதார்த்தத்தன்று மண்டபத்துக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. கார் நேராகப் போய் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கி நின்றது.

“ஏங்க, இதுக்குத்தான் மேல கூரை இருக்கே?”

“எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியணுமே.”

“வழுக்கும்மா. மழை விடட்டும், போலாம்” என்றது கார், தணிகாசலத்தின் குரலிலேயே.

ராகுகாலத்துக்கு முன் தட்டு மாற்றியாக வேண்டும். மாப்பிள்ளையின் அப்பாவோ கோபக்காரர், நேரம் தப்பினால் சம்பந்தமே வேண்டாம் என்றுவிடுவார். செண்பகம் அவருக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஒரு பாலத்துக்கு அடியில மாட்டிக்கிட்டோம்.”

மறுமுனையில் அவர் கார்க் கண்ணாடியை இறக்கும் சத்தம் கேட்டது.

“தூணுக்கு அந்தப் பக்கம் பச்சைக் கார் தெரியுதாம்மா? கையாட்டுறேன் பாருங்க. நானும் ஸ்கூட்டர்காரன்தான்.”

ஒதுங்கி நின்றவர்கள் எல்லோரும் சாட்சியாக, அங்கேயே தட்டு மாற்றினார்கள். மழையும் விட்டது. ஆனால் எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகும் இரண்டு கார்களும் அசையவில்லை.

“சீட்டைத் துடைக்கலையே” என்றன இரண்டும்.

எல்லோரையும் இறக்கிவிட்டு, சம்பந்திகள் இருவரும் ஆளுக்கொரு மஞ்சள் துணியோடு, நனையாத சீட்டுகளை அழுத்தித் துடைத்தார்கள்.