நல்ல வெயில்

கடுகளவு எழுத்தில் எழுத அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் வரும். அதனால் கணவன் பிடித்து வரும் ஒவ்வொரு பட்டாம்பூச்சிக்கும் அடியில் குத்த வேண்டிய சீட்டை அவள்தான் எழுதுவாள்.

மேசைமேல், தக்கையில் ஊசி ஏறிக் கிடந்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு வால் பட்டாம்பூச்சி. கறுப்புச் சிறகில் பச்சைப் பொடி. பின்சிறகில் ஒரு திட்டு. தலையை இந்தப் பக்கம் சாய்த்தால் நீலம், அந்தப் பக்கம் சாய்த்தால் பச்சை.

அதை வாங்க வந்த சேகரிப்பாளர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. கொடுத்த தேநீர் ஆடை கட்டிப்போயிற்று.

"இதுக்காகப் பன்னிரண்டு வருஷம் நாயா அலைஞ்சிருக்கேன் சார்" என்றான் கணவன்.

மகள் இறந்த இந்த நான்கு மாதத்தில் அவன் முகம் இப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை. அவளுக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது.

பாவம், மலைக்குப் போன இடத்தில் மழையில் மாட்டிக்கொண்ட மனிதன். மண் சரிந்து சாலை அடைபட்டு, பிள்ளையை அடக்கம் செய்த மறுநாள்தான் வந்து சேர்ந்தான். வர நினைத்திருந்தால் நடந்தாவது வந்திருப்பான் என்று சொன்ன அண்ணனோடு சண்டை போட்டாள். மழைக்கு அவர் என்ன செய்வார் என்று கத்தினாள். அன்றிலிருந்து அவள் அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை.

"சீட்டு எங்கேம்மா?" என்றார் சேகரிப்பாளர். "சீட்டு இல்லாத பட்டாம்பூச்சி அநாதைப் பிணம் மாதிரி. எந்த இடம், எந்தத் தேதி, எந்த நேரம், எல்லாம் வேணும். ஒரு எழுத்து பொய்யா இருந்தாலும் எனக்கு வேண்டாம்."

அவள் பேனாவை மையில் தொட்டாள்.

கணவன் மலையின் பெயரைச் சொன்னான். உயரத்தைச் சொன்னான். தேதிக்கு வந்ததும் நின்றான். குனிந்திருந்த அவள் வகிட்டை ஒருமுறை பார்த்தான். பிறகு பட்டாம்பூச்சியைப் பார்த்தான்.

"பதினேழு" என்றான், தொண்டையைச் செருமிக்கொண்டு. "காலையில பதினொரு மணி. நல்ல வெயில்."

மகள் இறந்ததும் அதே பதினேழாம் தேதிதான். அன்று சாயங்காலம்.

"வெயிலா?" என்றாள்.

சேகரிப்பாளர் சிரித்துவிட்டார். "பின்ன, மழையில வருமாக்கும்! நாலு நாள் சேர்ந்தாப்ல காய்ஞ்சாத்தாம்மா இது ஆத்து மணல்ல ஈரம் உறிஞ்ச இறங்கும். உங்க வீட்டுக்காரர் நாலு நாளும் அங்கேயே தவம் கிடந்திருக்கார்."

கணவன் சிறகில் இல்லாத தூசியை ஊதினான்.

அவள் தேதியை எழுதினாள். நேரத்தை எழுதினாள். நல்ல வெயில் என்று எழுதி, மை காயும்வரை பிடித்திருந்து நீட்டினாள்.

"அச்சடிச்ச மாதிரி இருக்கும்மா!" என்றார் அவர்.

அந்தப் பதினேழாம் தேதி காலை கணவன் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தான். இங்கே கொட்டு கொட்டென்று கொட்டுகிறது, ஒரு வண்டியும் ஓடவில்லை என்றான். அவள் அதை அப்படியே மகளிடம் சொன்னாள்.

காய்ச்சலில் கண்ணைத் திறக்காமலே மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பாகிட்ட குடை இருக்காம்மா?"