மாலைதீவுக்குப் பத்து விரல்

பத்து விரல் நுனியும் எரிந்தன. நேற்றுப் பகல் முழுக்கக் கையுறை போடாமல் நண்டு உடைத்த எரிவு.

கண்ணாடிச் சதுரத்தின் மேல் வலது பெருவிரலை வைத்தேன். பச்சை விளக்கு வரவில்லை.

"இன்னொருக்கா வையுங்கோ அம்மா," என்றாள் கடவுச்சீட்டுக் கந்தோர்ப் பிள்ளை. பொறுமையான பிள்ளை.

நான் மாலைதீவுக்கு விடுமுறை போகப்போகிறேனாம். குருநகரில் எங்கள் ஒழுங்கையிலிருந்து வெளிநாட்டுக்குப் போனவர்கள் நிறையப்பேர். திரும்பி வருவதற்கென்று போகிற முதல் ஆள் நான்தானாம்.

நண்டுச் சதை எடுத்து ஏற்றுமதி செய்கிற கம்பனியில் எனக்கு ஒன்பது வருட வேலை. இந்த வருடம் இரண்டாயிரத்து நூறு கிலோ எடுத்து முதலாவதாக வந்தேன். பரிசு, மாலைதீவு. மூன்று இரவு, நாலு பகல். மேடையில் பொன்னாடை போர்த்தினவர் மனேஜர் ஜெயசுதன்.

அதற்கு இரண்டு கிழமைக்கு முந்தி, அதே ஜெயசுதன்தான் என் சம்பளத்தில் பதினேழு நாளை வெட்டினவர். வாசலில் இருக்கிற விரல் மெசினில் அந்தப் பதினேழு நாளும் என் பெருவிரல் பதியவில்லையாம். ஆகவே நான் வேலைக்கு வரவில்லையாம்.

வராத நாளில் நான் எடுத்த சதைக்கும் சேர்த்துத்தான் பொன்னாடை.

"மெசின் பொய் சொல்லாது, வினி அக்கா," என்றார். யார் பொய் சொல்வார் என்பதைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததோடு சரி.

பயணத்துக்கு ஒரு நிகழ்ச்சி நிரல் அச்சடித்துத் தந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் றஜனி அதைச் சத்தமாக வாசிப்பாள். மேசையில் எனக்கு எதிரே நின்று நண்டு உடைக்கிறவள்.

முதல் நாள், ஓய்வு. இரண்டாம் நாள் காலை, ஓய்வு. பின்னேரம், கடலுக்கடியில் மீன் பார்த்தல்.

என் அப்பா முப்பது வருடம் சுழியோடிச் சங்கு பொறுக்கினவர். அவரும் மீன் பார்த்திருப்பார். கட்டணமாக ஒரு காதைக் கொடுத்துவிட்டுப் பார்த்தார்.

"தண்ணிக்கு மேலை கட்டின வீடாம் அக்கா!"

"மாரிக்கு எங்கடை வீட்டை வந்து பார். முழங்கால் மட்டும் தண்ணி. வாடகையுமில்லை."

இரவுச் சாப்பாட்டுக்கு நண்டும் உண்டாம். அதை நான் உடைக்கத் தேவையில்லையாம்.

கடைசி வரி மட்டும் சின்ன எழுத்தில் இருந்தது. அந்த நாலு நாளும் சம்பளமில்லா லீவு. அதை றஜனி சத்தமாக வாசிக்கவில்லை.

ஆனாலும் கடவுச்சீட்டுக் காசைக் கம்பனியே கட்டியது. பஸ் காசு தந்தது. அரைநாள் லீவும் தந்தது. வேண்டாமென்று சொல்ல எனக்கென்ன விசரா?

முந்தநாள் றஜனி ஒரு சின்னப் போத்தலில் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தாள். "படுக்கேக்கை தேயுங்கோ. ரேகை எழும்பும்."

ஓம் என்றேன்.

கந்தோர்ப் பிள்ளை என் விரல்களைத் துணியால் துடைத்தாள். நெற்றியில் தேய்த்துவிட்டு வைக்கச் சொன்னாள். தேய்த்து வைத்தேன். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல். ஒன்றுக்கும் விளக்கு எரியவில்லை.

"உவ என்ன, ஓர்கன் வாசிக்கிறாவோ?" என்றது வரிசையில் ஒரு குரல்.

இடது சுண்டுவிரலுக்குப் பச்சை ஒருதரம் மினுங்கி நூர்ந்தது. யாகப்பரே, என்று எங்கள் ஊர்ப் புனிதரை வாய்க்குள் கூப்பிட்டுக்கொண்டு திரும்பவும் வைத்தேன்.

ஒன்றுமில்லை.

"பயப்பிடாதேங்கோ அம்மா. வேலை செய்து தேய்ஞ்சிட்டுது. ரேகை பதியேல்லையெண்டு நான் ஒரு கடிதம் எழுதி வைச்சால் காணும். பாஸ்போட் வரும்."

"முத்திரை அடிப்பியளோ?"

"ஓம்."

"எனக்கும் ஒரு பிரதி தருவியளோ, பிள்ளை?"

எழுதினாள். அடித்தாள். முத்திரை விழுந்த சத்தம் நன்றாக இருந்தது.

இரண்டுதரம் வாசித்தேன். 'இவரது பத்து விரல்களிலும் ரேகை பதியவில்லை.' கீழே திகதி, கையொப்பம், வட்டமான அரச முத்திரை.

"அந்தக் கதிரையிலை இருங்கோ. கூப்பிடுவம்."

"வேண்டாம் பிள்ளை. எனக்குப் பாஸ்போட் தேவையில்லை."

"ஐயோ, கட்டின காசு திரும்பி வராதே!"

"அது என்ரை காசில்லை."

பதினேழு நாளைக் கேட்டுப் போனபோது ஜெயசுதன் ஒரு வழி சொன்னவர். விரல் பதியாதென்றால் அரசாங்க முத்திரையோடு ஒரு கடிதம் கொண்டுவரட்டாம், பார்ப்பாராம். கிராம அலுவலரான விதானையாரிடம் போனேன். விரலுக்கெல்லாம் தான் அத்தாட்சி எழுதேலாது என்றார். டொக்டரிடம் போனேன். நோயில்லாமல் எதை எழுதுவது என்றார். வேறு எங்கே போய்க் கேட்பதென்று தெரியாமல்தான் இருந்தேன், தோளில் பொன்னாடை விழும்வரை.

றஜனியின் எண்ணெய்ப் போத்தல் மூடி திறக்காமல் வீட்டில் இருக்கிறது. நேற்றுக் கையுறை போடாததும் மறதியால் அல்ல. யாகப்பரிடம் நான் கேட்டது, பதியக்கூடாது என்று.

பதினொன்றரை பஸ்ஸில் ஏறினேன். கடிதத்தை மாலைதீவு நிகழ்ச்சி நிரலுக்குள் வைத்து மடித்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கு ஜெயசுதன் கந்தோரில்தான் இருப்பார்.

கம்பனி எனக்குத் தரவேண்டியது பதினேழு நாள் கூலி.